சொந்தக் காரணம்

ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அந்த நிலையத்தில் லிஃப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மாடி ஏறினால் பின்புலச் சரிபார்ப்புப் பிரிவு. அங்கே பதினொரு வருடங்களாக வேலை பார்த்தவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா, அடுத்தவர் சங்கதியைத் தெரிந்துகொள்வதுதானே அவள் பிழைப்பு.

சேர விரும்புகிறவர்கள் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். படித்த பள்ளி, பார்த்த வேலை, குடியிருந்த வீடு, போலீஸ் புகார், நோய்நொடி எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவள் தெருத்தெருவாக அலைவாள். பள்ளிக்கூட ரெஜிஸ்டரைப் புரட்டுவாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். பிறகு ஃபைலில் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ விழும். ஒருமுறை, ஒரு சான்றிதழில் இருந்தது தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பிறகு போட்ட கையெழுத்து என்பதை மையின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை மேஜர் அவளைக் கீழே வரச் சொன்னார். நல்ல மனிதர், மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் மட்டும் பதறிவிடுவார். அன்றைக்குக் கடிதம் வந்திருந்தது.

"உட்காருங்கம்மா. போன தடவை இருநூறு பேரை பயிற்சி முகாமுக்கு அனுப்பினோம். ஆறு மாசத்துக்குள்ள நாப்பத்தாறு பேர் மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. சல்லடையில ஓட்டை இருக்குன்னு கர்னல் எழுதியிருக்கார்."

"சல்லடைன்னா நாங்கதான, சார்?"

"நீங்கதான்." அவர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "புது விதி. ரெண்டு வருஷத்துல மூணு வேலை மாறினவங்களுக்கு நேரா சிவப்பு. போலீஸ்ல பேர் அடிபட்டிருந்தா, அதுக்கும் சிவப்பு. விசாரிக்கப் போக வேண்டியதே இல்ல. உங்களுக்கும் வேலை மிச்சம்."

அவள் தாளைப் படித்தாள். வேலை மிச்சம் என்பது அவளுக்குப் பிடிக்காத வார்த்தை.

"போனவங்க எல்லாம் ஏன் போனாங்களாம்?"

"விலகல் படிவத்துல எழுதியிருப்பாங்களே. பாருங்க."

பார்த்தாள். நாற்பத்தாறு விலகல் படிவங்கள். 'விலகக் காரணம்' என்ற கட்டத்தில் நாற்பத்தாறு பேரும் ஒரே இரண்டு வார்த்தைகளைத்தான் எழுதியிருந்தார்கள்: சொந்தக் காரணம். கடைசிப் படிவத்தை அவள் உடனே மூடவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளை அவளும் ஒருமுறை எழுதியிருக்கிறாள். அது அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஊரார் ஃபைலையெல்லாம் படிக்கிறவளின் ஃபைலை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.

மேஜையில் அந்த வாரம் வந்த ஃபைல்களில் மேலாக இருந்தது ஒரு பெண்ணுடையது. இருபது வயது, பஸ் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ஸ்பானர். இரண்டு வருடத்தில் மூன்று பட்டறை மாறியிருந்தாள். இரண்டாவது பட்டறை முதலாளி அவள்மேல் போலீஸில் புகார் கொடுத்திருந்தார். புது விதிப்படி ஒரு தடவைக்கு இரண்டு தடவை சிவப்பு. முத்திரையை எடுத்த பூதக்கண்ணாடி, அதை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கால் பழகிவிட்டது, என்ன செய்ய.

முதல் பட்டறை இருந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை இருந்தது. பட்டறையை மூடியதால் வேலை போயிருந்தது. அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டாவது பட்டறை முதலாளி, பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்தார்.

"அவளா? பஸ் சாவியப் பிடுங்கி வச்சுக்கிட்டு தர மாட்டேன்னுட்டா. என் பட்டறையில எனக்கே சட்டம் பேசினா."

"எதுக்குத் தர மாட்டேன்னா?"

"பிரேக் சரியில்லையாம்."

"சரியா இருந்துதா?"

முதலாளி கையில் இருந்த துணியால் ஒரு நட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மறுநாள் மாத்திட்டோம்" என்றார் கடைசியில்.

போலீஸ் ஸ்டேஷன் ரெஜிஸ்டரில், கொடுத்த மூன்றாம் நாளே அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பதிவாகியிருந்தது. அந்த பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பஸ் என்பதை எழுத்தர்தான் சொன்னார். மூன்றாவது பட்டறையின் மேஸ்திரி எண்ணெய்க் கையோடு வாசலுக்கே வந்தார். "அவ இருந்தா எனக்குத் தலைவலி. எதையும் அரைகுறையா விட மாட்டா, அடுத்தவன் விட்டாலும் சும்மா இருக்க மாட்டா. ஆனா ராணுவத்துக்குப் போறேன்னு சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. தயவுசெஞ்சு சிவப்பு போட்டு அனுப்பிடுங்க, என்கிட்டயே இருக்கட்டும்."

இதைவிட நல்ல சான்றிதழ் எந்தப் பெரிய மனிதரிடமும் கிடைக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஸ்பானர் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பகல் வேலை. அப்பா அதிகம் பேசவில்லை. "சேரணும்னு அவளேதான் முடிவு பண்ணினா. ஃபாரத்தை நான் கண்ணாலகூடப் பார்க்கல" என்றார்.

திரும்பி வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் அவள் மனதில் முள்ளாக நின்றது. அலுவலகத்துக்கு வந்ததும், விலகிப்போன நாற்பத்தாறு பேரின் பழைய ஃபைல்களை இறக்கித் தரையில் பரப்பினாள். படிவத்தில் இருந்த எழுத்தையும் அடியில் இருந்த கையொப்பத்தையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டாள். யார் எழுதினாலும் கையொப்பம் சொந்தமாக இருந்தால் போதும் என்பது விதி. அதனால் இத்தனை வருடம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது பார்த்தால் இருபத்தொன்பது படிவங்களில் எழுத்து ஒருவருடையது, கையொப்பம் இன்னொருவருடையது.

அவள் மறுபடி மேஜர் முன்னால் போய் நின்றாள். "இந்த நாப்பத்தாறு பேரையும் நான் நேர்ல பார்க்கணும், சார்."

"ஓடிப்போனவங்க உண்மையா சொல்லப் போறாங்க? பொய்தான் சொல்வாங்க."

"பொய் சொன்னா கண்டுபிடிக்கத்தான சார் என்னை வச்சிருக்கீங்க."

மேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு வாரத்துல கர்னல் நேர்ல வரார். அதுக்குள்ள முடிங்க. அந்த மெக்கானிக் பொண்ணு ஃபைலும் அதுவரைக்கும் முத்திரை இல்லாம இருக்கட்டும். யாராவது கேட்டா எனக்குத் தெரியாது."

அவள் வீட்டுக்காரர் தபால்காரர். நாற்பத்தாறில் பாதிப் பேர் வீடு மாறியிருந்தார்கள். "வீடு மாறினவனைக் கண்டுபிடிக்கிறதை என்கிட்ட விடு" என்று அவர் பட்டியலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் மொத்தம் முப்பத்தெட்டு பேரின் விலாசம் உறுதியானது.

முதலில் ஒரு செருப்புக் கடை. வாடிக்கையாளரின் பாதத்தை அளந்துகொண்டிருந்த இளைஞன், அவள் யாரென்று தெரிந்ததும் அளவுப் பலகையைக் கீழே வைத்தான். அவன் ஃபைலில் சின்னக் கறைகூடக் கிடையாது. மதிப்பெண் அபாரம். அவளே பச்சை முத்திரை குத்தி அனுப்பிய ஃபைல்.

"ஃபாரத்தை அப்பா எழுதினார். நான் கையெழுத்துதான் போட்டேன். அங்க போனப்புறம் தினமும் காலையில எழுந்து, இது யாரோட ஆசைன்னு யோசிப்பேன். எண்பதாவது நாள் வந்துட்டேன்."

"விலகும்போது அதைச் சொன்னியா?"

"யாரும் கேக்கலயே, மேடம்."

மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் அழுதுவிட்டாள். மூன்றாம் வாரம் முழங்கால் பிசகியிருக்கிறது. சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று மறைத்திருக்கிறாள். மறைத்து மறைத்து ஓடியதில் வீங்கி, கடைசியில் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது முழங்கால் சரியாகிவிட்டது. "பத்து நாள் ஓய்வு குடுத்திருந்தா போதும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். இன்னொருவனுக்கு அம்மாவின் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் விடுப்பு தேவைப்பட்டது, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே விலகிவிட்டான். வேறொருவனுக்கு உயரம் என்றால் பயம். இப்படி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். கதவைத் திறக்கும்போது எல்லார் முகத்திலும் ஒரே கூச்சம். பேசி முடித்துக் கிளம்பும்போது பலபேர் தெருமுனை வரை கூடவே வந்தார்கள்.

கர்னல் வருகிற நாளன்று காலை, சமையலறையில் நின்றபடியே அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "எனக்கு உடம்பு சரியில்லாமதான் முகாம்லேருந்து அனுப்பிட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன் இல்ல. அது பொய். நானா விலகினேன். எனக்கு நீச்சல் தெரியாது. குளத்துல குதின்னாங்க. மூணு நாள் ஓரமா நின்னேன். நாலாவது நாள் விலகல் ஃபாரத்தைக் கையில குடுத்தாங்க."

தபால்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் ஒரு கடிதத்தைப் பையிலயே வச்சுக்கிட்டு சுத்தியிருக்க" என்றார். "இன்னைக்காவது சேர வேண்டிய எடத்துல சேர்த்துடு."

கூட்ட அறையில் கர்னல், மேஜர், முகாமின் தலைமைப் பயிற்சியாளர், டாக்டர் என்று நான்கு பேர். அவள் தாளைப் பார்த்துப் படிக்கலாம் என்று எழுதி வந்திருந்தாள். ஒரு பக்கம் படித்ததும் தாளை மடித்துவிட்டாள்.

"புது விதி போன தடவையே இருந்திருந்தா, முப்பத்தஞ்சு பேருக்கு சிவப்பு விழுந்திருக்கும், சார். அந்த முப்பத்தஞ்சுல விலகினது நாலே பேர். மிச்சம் முப்பத்தொரு பேர் இன்னைக்கும் சீருடையிலதான் இருக்காங்க. நாலு பேரைத் தடுக்க முப்பத்தொரு பேரை வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்போம்."

தலைமைப் பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முப்பத்தொரு பேரில் சிலரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"விலகின நாப்பத்தாறுல இருபத்தொன்பது பேரோட ஃபாரத்தை வேற யாரோ எழுதியிருக்காங்க. தங்கினவங்கள்ல அப்படி இருபத்திரண்டு பேர்தான், அதுவும் நூத்தி அம்பத்தினாலு பேர்ல. வேலை மாறினது கறை இல்ல, சார். அடுத்தவங்க ஆசையைச் சுமந்துக்கிட்டு வரதுதான் சிக்கல். அதைத்தான் நாம பார்க்கல."

கர்னல் பேனாவை மேஜைமேல் உருட்டினார். உருவம் பெரியது, குரல் சின்னது. "நீங்க பேசினது எல்லாம் பாதியில விட்டுட்டுப் போனவங்ககிட்ட. அவங்க தங்களுக்குச் சாதகமாத்தான பேசுவாங்க? விட்டுட்டுப் போறவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நானும் விட்டுட்டுப் போனவதான், சார்" என்றாள் அவள். "தொண்ணூத்தேழாவது நாள். என் ஃபைல்ல மூணாவது பக்கத்துல இருக்கு."

மேஜர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அவள் குளத்தைப் பற்றிச் சொன்னாள். அதிகம் நீட்டவில்லை. "அந்த ஃபாரத்துல சொந்தக் காரணம்னு எழுதினேன். நீச்சல் தெரியாதுன்னு எழுத வெக்கமா இருந்தது. இப்ப நான் பார்த்த முப்பத்தெட்டு பேரும் அப்படித்தான்."

"கேட்டிருந்தா நீங்க தங்கியிருப்பீங்களா?"

"தெரியாது, சார். ஆனா ஏன் போனேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பிறகு கர்னல் பேனாவைத் திறந்தார். புது விதியை ஒரு சுற்றுக்கு நிறுத்தி வைக்கலாம் என்றார். இனிமேல் படிவத்தை விண்ணப்பதாரர் நிலையத்துக்கு வந்து, கண்ணெதிரே சொந்தக் கையால் எழுத வேண்டும். முகாமில் இரண்டாம் வாரத்தில் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஒருவர் போய் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். "யார் போறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளையே பார்த்தார்.

"இந்த விதியால சிவப்பு விழ வேண்டிய ஒரு மெக்கானிக் பொண்ணு ஃபைல் இன்னும் முத்திரை இல்லாம இருக்கு, சார். பிரேக் சரியில்லன்னு ஸ்கூல் பஸ் சாவியப் பிடுங்கி வச்சவ" என்றாள் அவள். மேஜர் கூரையைப் பார்த்தார்.

"பச்சை முத்திரை குத்துங்க" என்றார் கர்னல். "ஆனா அவ விலகினா, உங்க பேரைத்தான் முதல்ல எழுதுவேன்."

"எழுதுங்க, சார்."

அன்று சாயங்காலம் அவள் குத்திய பச்சை முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதை அவள் திருத்தவில்லை.

மறு சுற்றுக்கும் இருநூறு பேர் போனார்கள். இரண்டாம் வாரம், முகாமின் பண்டகசாலைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஐந்து நாளில் இருநூறு பேர். நீச்சல் தெரியாதவர்கள் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு மட்டும் சாயங்கால வகுப்பு வைத்துவிட்டார். அப்பா வற்புறுத்தி வந்த இரண்டு பேரை அவளே பேசி, தலை குனியாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள்.

நான்காம் நாள் ஸ்பானர் வந்தாள். குள்ளமான, அகன்ற தோள் கொண்ட பெண். கதவிலிருந்து நாற்காலி வரை நடந்ததை வைத்தே பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது.

"கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்ல, மேடம்."

"ஷூவைக் கழட்டு."

"பரவால்ல, மேடம்."

"நான் உன் பட்டறைக்குப் போயிருக்கேன். பஸ் சாவியப் பிடுங்கி வச்சவளா நீ?"

ஸ்பானர் தரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அந்தச் சாவியாலதான் மேடம் வேலை போச்சு. வாயத் தொறந்தா வம்புன்னு எல்லாரும் சொன்னாங்க. இங்க எது நடந்தாலும் வாயே தொறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு வந்தேன்."

"வாயை மூடிக்கிட்டு இருக்கறவங்க நூறு பேர் எனக்குக் கிடைப்பாங்க. சாவியப் பிடுங்கி வைக்கறவளுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கழட்டு."

கழற்றினாள். காலுறை ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. பெண்களுக்கு ஏற்ற சின்ன அளவு பூட்ஸ் பண்டகசாலையில் இல்லை. இரண்டு அளவு பெரியதைக் கொடுத்து, காகிதத்தைத் திணித்து ஓடச் சொல்லியிருந்தார்கள். "உனக்கு மட்டுமா?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி. ஸ்பானர் ஒரு நிமிடம் தயங்கினாள். அதற்கப்புறம் அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரிக் கொட்டினாள். பதினான்கு பெண்கள். யார் யாருக்கு எந்த அளவு, யாருடைய கால் எவ்வளவு மோசம், பண்டகசாலைப் பொறுப்பாளர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று எல்லாம் அவள் மனதில் பட்டியலாக இருந்தது.

"இதை நீயே வந்து சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஸ்பானர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நானே சொல்றேன், மேடம்."

வெறுங்காலோடு அவள் தலைமைப் பயிற்சியாளர் அறைக்குள் போனாள். பத்து நிமிடம் கழித்து அவரே வேகமாக வெளியே வந்து பண்டகசாலைப் பக்கம் நடந்தார். மூன்றாம் நாள் காலை ஒரு லாரியில் சரியான அளவு பூட்ஸ் வந்து இறங்கியது. இறக்கிக்கொண்டிருக்கும்போதே லாரியின் பின்சக்கரத்தில் ஏதோ சத்தம் என்று ஸ்பானர் டிரைவரிடம் சண்டைக்குப் போனதாகப் பூதக்கண்ணாடிக்குப் பிறகு சொன்னார்கள்.

ஆறு மாதம் ஓடியது. இருநூறு பேரில் விலகியவர்கள் பதினேழு. மேஜர் அந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, லிஃப்டைக்கூட எதிர்பார்க்காமல் படியேறி ஓடி வந்தார். மேலே வந்தபோது மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. ஒரு விரலையும் பிறகு ஏழு விரல்களையும் காட்டினார். அறையில் இருந்த ஐந்து பேரும் மேஜையைத் தட்டினார்கள். அதைவிடப் பெரிய சேதி அடுத்த வாரம் வந்தது. அந்த முறையை எல்லா நிலையங்களிலும் நடைமுறைப்படுத்த உத்தரவு. முன்னால் விலகியவர்களில் காரணம் சரியாகிவிட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் அதிலேயே இருந்தது. முதல் நாளே ஒன்பது பேர் வந்தார்கள். மருந்துக்கடைப் பெண் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பதினான்கு பக்கத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குக் கர்னல் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். தபால்காரரும் தேய்த்த சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலை வெயிலில் நூற்று எண்பத்து மூன்று பேர் ஒரே காலடியாக மைதானத்துக்குள் வந்தபோது தரை அதிர்வது அவள் உள்ளங்காலில் தெரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. இந்த மைதானத்தைப் பாதியில் விட்டுப் போன பிறகு ஒரு அணிவகுப்பையும் அவள் போய்ப் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் பரிசுகளை வாசித்தார்கள். வாகனப் பிரிவில் முதலிடம், அத்தோடு சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சிறந்த தோழர் பட்டம், இரண்டும் ஒரே ஆளுக்கு. வரிசையை விட்டு ஸ்பானர் வெளியே வந்தாள். பின்னால் நின்ற பதின்மூன்று பெண்கள் ஒழுங்கையெல்லாம் மறந்து கத்தினார்கள். தலைமைப் பயிற்சியாளர் அதைக் கவனிக்காத மாதிரி வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். கோப்பையைக் கொடுத்த கர்னல், அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலுக்கு அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அணிவகுப்பு கலைந்ததும் குடும்பங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தன. கூட்டத்தில் ஒரு அம்மா, சலவைக்காரத்தால் வெளுத்துப்போன விரல்களோடு, பூதக்கண்ணாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் ஸ்பானர் கோப்பையோடு நின்றுகொண்டு சிரித்தாள்.

"உங்களைக் காட்டிக் காட்டி என்னமோ சொல்றா, இந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல" என்றாள் அந்த அம்மா. "நீங்க யாருங்க, இவளுக்கு டீச்சரா?"

"இல்லம்மா. உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்தவ."

அம்மாவின் முகத்தில் சட்டென்று கவலை வந்தது. "விசாரிச்சு என்ன எழுதினீங்க?"

"சேர்த்துக்கலாம்னு எழுதினேன்" என்றாள் அவள்.